வாடகைத் தாய் தெரியும். ‘வாடகைத் தகப்பன்’ தெரியுமா? விந்தணு ஸ்டெம் செல் மாற்றம்: பண்ணை முதல் மருத்துவமனை வரை

ஒரு கிடா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆரோக்கியம். பெட்டையைப் பார்த்தால் பின்னாலேயே ஓடும், சேரும், குட்டியும் பிறக்கும். ஆனால் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால், அந்தக் குட்டிகளில் ஒன்றுகூட அதனுடையது இல்லை. பக்கத்து வீட்டுக் கிடா வேலி தாண்டி வந்த கதையும் இல்லை. இதன் உடம்புக்குள்ளேயே ஊறிய விந்தணுதான். ஆனால் அது வேறொரு கிடாவின் விந்தணு.

ஆடுகளிலும் பன்றிகளிலும் இந்த வேலையின் பெரும்பகுதி ஆய்வகத்தில் ஏற்கெனவே நடந்தாயிற்று. இதே உத்தியை மனிதர் ஒருவரிடமும் செய்து பார்த்ததாக 2025-ல் அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தார்கள். ‘ஸ்டெம் செல் மூலம் விந்தணு’ என்று தலைப்பு வந்ததும் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் யாராவது ஃபார்வர்டு செய்திருப்பார்கள்.

இந்த இரண்டையும் ஒரே செய்தியாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். கருவி ஒன்றுதான். நோக்கம் நேரெதிர். பண்ணையில், ஒரே ஒரு ஆணின் விதையைப் பல உடம்புகளுக்குள் பரப்பப் பார்க்கிறார்கள். மருத்துவமனையில், ஒருவனிடமிருந்து எடுத்ததை அவனுக்கே திருப்பித் தரப் பார்க்கிறார்கள். ஒன்றில் பரவல், இன்னொன்றில் மீட்பு. இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பம் நம்மைத் தொடும்போது எந்தப் பக்கத்திலிருந்து தொடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் மாறும்.

முதலில், அது என்ன செல்?

ஆண் உடம்பு விந்தணுவைச் சேமித்து வைத்துச் செலவழிப்பதில்லை. தொடர்ந்து உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது. மனித ஆணிடம் நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல் என்று ஒரு கணக்கு உண்டு. விரைக்குள் நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும் நுண்குழாய்களில்தான் இந்த உற்பத்தி நடக்கிறது. குழாயின் உட்சுவர் ஓரமாக மிகச் சில மூலச் செல்கள் உட்கார்ந்திருக்கும். இவைதான் விந்தணு ஸ்டெம் செல்கள். ஒன்று பிரியும்போது அதன் ஒரு பங்கு மூலச் செல்லாகவே நிற்கும். மறு பங்கு படிப்படியாக மாறி, வால் முளைத்த விந்தணுவாக வெளியேறும். முதல் போட்ட பணம் அப்படியே இருக்க, வட்டி மட்டும் வந்துகொண்டே இருக்கிற கதை.

இந்த ‘முதல்’ எவ்வளவு சின்னது என்றால், எலியின் விரையில் பத்தாயிரம் செல்லுக்கு இரண்டு மூன்றுதான் இருக்கும். அந்த இரண்டு மூன்றை அழித்துவிட்டால் உற்பத்தி முழுசாக நின்றுபோகும். கீமோதெரபியும் கதிர்வீச்சும் பல நேரம் செய்வது இதைத்தான்.

1994-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பள்ளியில் ரால்ஃப் பிரின்ஸ்டர் ஒரு விஷயத்தைச் செய்து காட்டினார். ஓர் எலியின் விரையிலிருந்து செல்களைப் பிரித்தெடுத்து, விந்தணு உற்பத்தி இல்லாத இன்னொரு எலியின் நுண்குழாய்களுக்குள் செலுத்தினார். சில எலிகள் பிறவியிலேயே மலடு. சிலவற்றுக்கு பியூசல்ஃபான் என்ற கீமோ மருந்து கொடுத்து இடத்தைக் காலி செய்திருந்தார்கள். உள்ளே போன மூலச் செல்கள் குழாயின் நடுவில் மிதந்துகொண்டு நிற்கவில்லை. நெருக்கமாக ஒட்டி நிற்கும் செர்டோலி செல்களின் வரிசையைக் கடந்து, சுவரோரம் தங்களுக்கான இடத்தைத் தாங்களே தேடிப் போய் உட்கார்ந்தன. சில மாதங்களில் விந்தணு வந்தது. குட்டிகளும் பிறந்தன. அவற்றில் இருந்தது கொடுத்த எலியின் மரபணு.

தேடிப் போய் உட்காருகிற அந்தக் குணம் இல்லாவிட்டால் இந்தத் துறையே இல்லை. லட்சக்கணக்கான செல்களை ஊசி போட்டு ஏற்றுகிறோம். அதில் மூலச் செல் எது என்று நமக்குக் கண்ணால் தெரியாது. அதுவாகவே போய் இடம்பிடித்து வேலையைத் தொடங்குவதை வைத்துத்தான் ‘ஓ, இதுதான் மூலச் செல்’ என்று கண்டுகொள்கிறோம்.

யார் வீட்டில் இருந்தாலும் தன் கடிகாரம்தான்

அடுத்து வந்த சோதனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. 1996-ல் அதே குழு பெரிய எலியின் செல்களைச் சுண்டெலியின் விரைக்குள் வைத்தது. இரண்டும் வேறு வேறு இனங்கள், பரிணாமத்தில் ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் பிரிந்து போனவை. இருந்தும் சுண்டெலிக்குள் பெரிய எலியின் விந்தணு ஊறியது. இரண்டு வருஷம் கழித்து இன்னொரு ஆய்வு வந்தது. விந்தணு முழுசாக முதிர பெரிய எலிக்குச் சுமார் 52 நாள், சுண்டெலிக்கு 35 நாள். சுண்டெலிக்குள் வளர்ந்த பெரிய எலிச் செல் எந்தக் கணக்கில் முதிர்ந்தது? தன் சொந்தக் கணக்கில்தான். வாடகை வீட்டுக்காரரின் நேரத்தை அது கண்டுகொள்ளவே இல்லை.

அதாவது, விந்தணுவின் திட்டம் முழுக்கவும் அந்தச் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுற்றியிருக்கும் உடம்பு தருவது இடமும் சாப்பாடும் ஹார்மோனும்தான்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. முயல், நாய், மாடு, பன்றி, பபூன் குரங்கு, கடைசியில் மனிதன் என்று ஒவ்வொன்றின் செல்லையும் சுண்டெலிக்குள் வைத்துப் பார்த்தார்கள். செல்கள் உயிரோடு இருந்தன, சில பெருகவும் செய்தன. விந்தணு மட்டும் வரவில்லை. உறவு தூரமானால் அந்த இடமும் சாப்பாடும் ஒத்துப்போவதில்லை. ‘எலிக்குள் மனித விந்தணு’ என்று யாராவது பரபரப்பாகச் சொன்னால், அது நடக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

காலி வீடு எங்கே கிடைக்கும்?

எலியில் நடந்ததைப் பண்ணை விலங்குக்குக் கொண்டுவர ஒரு பெரிய தடை இருந்தது. வாங்கிக்கொள்ளும் ஆண் விலங்குக்குச் சொந்த விந்தணுவும் ஊறிக்கொண்டிருந்தால், இரண்டும் கலந்துதான் வரும். 2003-ல் ஆடுகளில் இந்த மாற்றத்தைச் செய்து, நன்கொடைக் கிடாவின் மரபணு குட்டிக்குப் போனதை நிரூபித்தார்கள். முக்கியமான வெற்றிதான். ஆனால் வாங்கிய கிடாவின் சொந்த விந்தணுவும் கூடவே இருந்தது. எந்தக் குட்டி யாருடையது என்று ஒவ்வொன்றாக டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தால் இனவிருத்திக்கு அது உதவாது. பெரிய விலங்குக்கு பியூசல்ஃபான் கொடுத்துக் காலி செய்யலாம் என்றால், எலும்பு மஜ்ஜையும் சேர்ந்து அடிவாங்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது கிரிஸ்பர். நானோஸ்2 என்று ஒரு மரபணு. ஆணின் மூலச் செல்கள் நிலைத்து நிற்க அது வேண்டும். அதை முடக்கிவிட்டால் விரை ஒழுங்காக வளரும், ஆண் ஹார்மோன் சுரக்கும், விலங்கு ஆணாகவே நடந்துகொள்ளும். ஆனால் உள்ளே மூலச் செல் இருக்காது. பெட்டைக்கு இந்த மரபணு இல்லாவிட்டாலும் பாதகமில்லை, அது சினை பிடிக்கும். ஆக, பெட்டைகள் வழியாக இந்த ‘காலி வீட்டு’ ஆண்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கிக்கொள்ளலாம். காயடித்த மாடு போல என்று நினைத்துவிடாதீர்கள். காயடித்தால் ஹார்மோனும் போய்விடும். இது அப்படி இல்லை.

வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜான் ஓட்லி தலைமையிலான குழு, ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனம் உள்ளிட்ட கூட்டாளிகளோடு 2020-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சுண்டெலி, பன்றி, ஆடு, மாடு நான்கிலும் நானோஸ்2 இல்லாத ஆண்களை உருவாக்கினார்கள். இவர்களுக்கு வைத்த பெயர் ‘சரோகேட் சயர்’. நம் மொழியில் வாடகைத் தகப்பன் என்று சொல்லலாம்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அப்போது வந்த பல செய்திகள் நான்கு விலங்குகளையும் ஒரே தட்டில் வைத்துவிட்டன. சுண்டெலியில் மட்டும்தான் இயற்கையாகச் சேர்ந்து குட்டி பிறந்தது வரை போனது. பன்றியிலும் ஆட்டிலும் நன்கொடை விலங்கின் விந்தணு தொடர்ந்து உற்பத்தியானது. அந்த ஆய்வில் குட்டி வரை போகவில்லை. மாட்டில் காலி வீடு தயாரானது, அவ்வளவுதான். நான்கும் மூன்று படிகளில் நிற்கின்றன.

ஒரு சுவாரசியமான பின்குறிப்பு: 2023-ல் ஓட்லியின் மரபணு திருத்தப்பட்ட பன்றிகள் ஐந்தை உணவாகப் பயன்படுத்த அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதித்தது. ஆய்வு முடிந்த பன்றிகளை ஜெர்மன் பாணி சாஸேஜாக்கினார்கள். இந்த அனுமதிக்காக ஒரு பல்கலைக்கழகம் விண்ணப்பித்து வாங்கியதன் நோக்கம், பெரிய கம்பெனிகள் மட்டுமல்ல, மற்றவர்களும் இந்தக் கதவைத் தட்டலாம் என்று காட்டுவதுதான்.

சினை ஊசி இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. நல்ல காளையின் விந்தை உறையவைத்து, குச்சிகளில் அடைத்து, ஊர் ஊராக அனுப்புகிறோமே. ஒரு காளையிலிருந்து வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் உறைவிந்துக் குச்சி எடுக்கலாமே.

மாட்டுக்கு அது சரி. அதுவும் ஓரளவுக்குத்தான். உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு நாம். ஆனால் சினைக்கு வரும் மாடு, எருமைகளில் சினை ஊசி எட்டுவது சுமார் 30 சதவீதத்துக்குத்தான் என்று அரசே பல வருஷமாகச் சொல்லிவருகிறது. மீதிக்கு ஊர்க்காளைதான் பொறுப்பு. ஆட்டுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கிட்டத்தட்ட 15 கோடி வெள்ளாடுகள், 7 கோடிக்கும் மேல் செம்மறிகள். இவற்றில் சினை ஊசி பார்த்தவை சொற்பம். மேய்ச்சலில் திரியும் ஆடு எப்போது பருவத்துக்கு வருகிறது என்று கவனித்து, பிடித்து, டாக்டரை வரவழைத்து ஊசி போடுவது நடக்கிற காரியமா? செம்மறியின் கருப்பை வாய் கோணல்மாணலாக வளைந்திருப்பதால் உறைவிந்தை உள்ளே சேர்ப்பதே சிரமம்.

வாடகைத் தகப்பன் இந்த இடத்தில்தான் வருகிறான். நல்ல மரபு கொண்ட ஒரு கிடாவின் மூலச் செல்லைப் பத்து கிடாக்களுக்குள் வைத்து, பத்து மந்தைக்குள் அவிழ்த்து விட்டால் போதும். பருவம் பார்ப்பது, நேரம் பார்ப்பது எல்லாவற்றையும் கிடாவே பார்த்துக்கொள்ளும். குளிர்பதன வசதி வேண்டாம், ஊசி வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

பன்றி வளர்ப்பை வைத்து 2019-ல் ரோஸ்லின் ஆய்வாளர்கள் ஒரு கம்ப்யூட்டர் கணக்கு போட்டார்கள். மேல்தட்டு இனவிருத்திப் பண்ணையில் கிடைக்கும் முன்னேற்றம் சாதாரணப் பண்ணைக்கு இறங்கிவரத் தலைமுறைகள் பிடிக்கும். வாடகைத் தகப்பனை வைத்து அதைச் சுருக்கினால், சாதாரணப் பண்ணையின் ஆண் விலங்குகளின் தரம் 6.5 முதல் 9.2 ஆண்டு வரை முன்னேறிவிடும் என்று அந்தக் கணக்கு சொன்னது. கணக்குதான், களத்தில் பார்த்தது இல்லை. இருந்தாலும் இனவிருத்தி கம்பெனிகளின் காது நிமிர்வதற்கு இது போதும்.

இந்த உற்சாகத்தில் ஒரு வாதத்தை மட்டும் நான் நம்பத் தயாரில்லை. ‘வெயில் தாங்கும் உள்ளூர்க் காளைக்குள் வெளிநாட்டு உயர்ரகக் காளையின் விதையை வைத்தால் வெப்பநாடுகளின் பிரச்சினை தீர்ந்துவிடும்’ என்கிறார்கள். பாதி உண்மை. வெயிலில் நடந்து போய்ச் சேரும் வேலையை உள்ளூர்க் காளை செய்யும். ஆனால் பிறக்கும் கன்றுக்குப் போவது வெளிநாட்டுக் காளையின் மரபணு. தகப்பன் தாங்கிய வெயிலைக் கன்று தாங்குமா? பெரிய எலியின் கடிகாரம் சுண்டெலிக்குள்ளும் மாறவில்லை என்று பார்த்தோமே, அதே கதைதான். உள்ளூர் உடம்பு தன் குணத்தைக் கன்றுக்குக் கடன் கொடுக்காது.

கண்ணால் பார்த்து வாங்க முடியாத காளை

கிடாவோ காளையோ, கிராமத்தில் அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி? கண்ணால் பார்த்துத்தான். கொம்பு, திமில், நடை, சுழி, அதன் தாய் கறந்த பால், போன வருஷம் அது போட்ட கன்று. சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறவரின் மொத்த அறிவும் ஒரே ஊகத்தின் மேல் நிற்கிறது: பார்க்கிற உடம்புதான் பிறக்கப்போகிற கன்று.

வாடகைத் தகப்பனிடம் அந்த ஊகம் உடைந்துபோகிறது. நீங்கள் பார்க்கும் கொம்பும் திமிலும் கன்றுக்கு வராது. உள்ளே யார் விதை இருக்கிறது என்று சொல்ல ஒரு சான்றிதழ் வேண்டும், அதைச் சரிபார்க்க ஒரு டிஎன்ஏ டெஸ்ட் வேண்டும். உறைவிந்துக் குச்சியிலும் இதே நிலைதானே என்று நீங்கள் கேட்கலாம். குச்சிக்குப் பின்னால் எங்கோ ஒரு பண்ணையில் அந்தக் காளை நிற்கிறது, குச்சியில் அதன் எண் இருக்கிறது. இங்கே கண்ணெதிரே ஒரு காளை நிற்கும், அதுவே தவறான தகவலாக இருக்கும். விவசாயியின் கண்ணிலிருந்து கம்பெனியின் காகிதத்துக்கு நம்பிக்கை இடம்மாறுகிறது.

பிறகு உரிமைக் கேள்வி. வாங்கிய கிடா உங்களுடையது. அதற்குள் இருக்கும் விதை யாருடையது? அதைப் பக்கத்து ஊருக்குப் பொலிக்கு விட்டு நூறு இருநூறு வாங்கினால் அது உங்கள் வருமானமா, ஒப்பந்த மீறலா? செடி ரகங்களுக்கு 2001-ல் சட்டம் கொண்டுவந்தபோது, விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைத்துக்கொள்ளும், பகிரும் உரிமையை அதில் எழுதிவைத்தோம். கால்நடைக்கு அப்படி ஒரு சட்டம் நம்மிடம் கிடையாது.

இன்னொரு ஆபத்தை ஒரே ஒரு காளையின் கதையில் சொல்லிவிடலாம். 1962-ல் அமெரிக்காவில் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளை. மகள்கள் அத்தனை பால் கறந்ததால், அதன் விந்தை உலகமே வாங்கியது. மகள்கள் மட்டும் 16,000. ஒரு கட்டத்தில் ஹோல்ஸ்டீன் இனத்தின் மரபணுத் தொகுப்பில் சுமார் 14 சதவீதம் இந்த ஒரே காளையிலிருந்து வந்ததாக ஆகிவிட்டது. அதன் உடம்பில் யாருக்கும் தெரியாத ஒரு பழுதான மரபணு இருந்தது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் அது வந்து சேர்ந்தால் கரு கலைந்துவிடும். உலகம் முழுக்க 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கலைவுகளுக்கு அது காரணம் என்று பிறகு கணக்கிட்டார்கள். கண்டுபிடிக்கவே அரை நூற்றாண்டு ஆயிற்று.

இது சினை ஊசி செய்த வேலை. ஊசி எட்டாத மந்தைக்குள்ளும் நுழையக்கூடிய ஒரு கருவி கையில் வந்தால் இதே தவறு எவ்வளவு வேகமாகப் பரவும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு நம் வெள்ளாடுகளுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, அவற்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாததுதான். ஊருக்கு ஊர் வேறு கிடா. அந்தப் பன்மை ஒருமுறை போனால் திரும்பாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஒரு விசித்திரமான இடத்தில். வாடகைத் தகப்பன் மரபணு திருத்தப்பட்ட விலங்கு. ஆனால் அவன் மூலம் பிறக்கும் கன்று? நன்கொடைக் காளையில் எந்தத் திருத்தமும் இல்லாததால் கன்றிலும் இருக்காது. எந்த டெஸ்ட் எடுத்தாலும் சாதாரணக் கன்றுதான். அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

இந்தியாவில் 2022-ல் சில வகை மரபணு திருத்தத்துக்கு, வெளி மரபணு எதுவும் சேர்க்காதவற்றுக்கு, கடுமையான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அது செடிகளுக்கு மட்டும். அந்த வழியில் வந்தவைதான் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு நெல் ரகங்கள். விலங்குகள் இன்னும் 1989 விதிகளின் கீழேதான். அதே மே மாதம் காஷ்மீரின் ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம், தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவைத் திருத்தி, நாட்டின் முதல் மரபணு திருத்தப்பட்ட செம்மறிக் குட்டியை உருவாக்கியதாக அறிவித்தது. ஹரியானாவில் கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனம் 2009-லேயே எருமையைக் குளோனிங் செய்த இடம்; எருமையின் விந்தணு ஸ்டெம் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்க்கும் வேலையும் அங்கே நடந்திருக்கிறது. திறமை இருக்கிறது, விலங்கும் இருக்கிறது. விதிப்புத்தகத்தில்தான் அந்தப் பக்கம் இல்லை.

பரவலுக்குப் பயன்படும் இதே கருவி பாதுகாப்புக்கும் பயன்படும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் முன்னால் நிற்பது மீன். டோக்கியோவின் கடல்சார் பல்கலைக்கழகத்தில் கோரோ யோஷிசாகியின் குழு, ரெயின்போ டிரவுட் மீனின் விந்தணு மூலச் செல்லை, மலட்டு மாசு சால்மன் மீன்குஞ்சுகளுக்குள் வைத்தது. ஆண் சால்மன் டிரவுட்டின் விந்தணுவைத் தந்தது. பெண் சால்மனில் அதே ஆண் செல்கள் டிரவுட்டின் முட்டையாகவே மாறிவிட்டன! 2007-ல் சால்மன் பெற்றோருக்கு டிரவுட் குஞ்சுகள் பிறந்தன. 2013-ல் உறையவைத்த செல்களிலிருந்தும் இதைச் செய்தார்கள். மீன் முட்டையை உறையவைக்க முடியாது என்பதால், அழியும் நிலையில் இருக்கும் மீன் இனத்துக்கு இது கிட்டத்தட்ட ஒரே வங்கி. பாலூட்டிகளில் இந்த அளவு வசதி இல்லை, பெண் பாதிக்கு வேறு வழி தேட வேண்டும். இருந்தாலும் நீலகிரியின் தோடா எருமை மாதிரி எண்ணிக்கை சுருங்கிய இனங்களுக்கு, பொலிகாளை எதிர்பாராமல் செத்துப்போனாலும் அதன் மூலச் செல்லை எடுத்து வைக்க முடிந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

இனி மனிதர்களுக்கு வருவோம்

புற்றுநோய் வந்த வளர்ந்த ஆணுக்கு வழி சுலபம். கீமோ தொடங்குவதற்கு முன் விந்தை எடுத்து உறையவைத்துவிடலாம். எட்டு வயசுப் பையனிடம் விந்தணுவே கிடையாது. ஆனால் மூலச் செல் பிறந்ததிலிருந்தே இருக்கும். அதனால் சிகிச்சைக்கு முன்னால் விரையிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து உறையவைக்கிறார்கள். பணக்கார நாடுகளில் புற்றுநோய் வரும் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைத்து வளர்கிறார்கள். வளர்ந்த பிறகு அப்பாவாக வேண்டும் என்று நினைப்பார்கள் இல்லையா? அந்த நாளுக்காக 2000-களின் தொடக்கத்திலிருந்தே பிரஸ்ஸல்ஸ் போன்ற இடங்களில் திசுக்கள் காத்திருக்கின்றன.

குரங்கில் இது நடந்திருக்கிறது. 2012-ல் பிட்ஸ்பர்க்கின் கைல் ஆர்விக் குழு, கீமோவால் மலடான ரீசஸ் குரங்குகளுக்கு அவற்றின் சொந்த மூலச் செல்லையே திருப்பிச் செலுத்தியது. வளர்ந்த 12 குரங்குகளில் 9-லும், பருவத்துக்கு வராத 5-ல் 3-லும் விந்தணு வந்தது. 2019-ல் வெளியான ஆய்வில் வேறொரு வழி: செல்லைப் பிரிக்காமல், உறைந்த திசுத் துண்டையே தோலுக்கு அடியில் ஒட்டவைத்து, அதில் முதிர்ந்த விந்தணுவை எடுத்து, ஆய்வகக் கருவூட்டல் மூலம் ஒரு குரங்குக்குட்டி பிறந்தது. அதற்கு கிரேடி என்று பெயர் வைத்தார்கள்.

இதன் தொடர்ச்சிதான் 2025 செய்தி. சிறுவனாக இருந்தபோது கீமோவுக்கு முன் செல்களை உறையவைத்திருந்த ஓர் இளைஞருக்கு, ஆர்விக் குழு அவருடைய செல்களையே அல்ட்ராசவுண்ட் உதவியோடு விரைக்குள் செலுத்தியது. அந்த முதல் அறிக்கை சொன்னது இதுதான்: உடம்புக்குப் பாதிப்பு இல்லை, விந்தணுவும் இல்லை. பரிசோதனையில் விந்தணு தென்படவில்லை என்பதைப் பல தலைப்புகள் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிட்டன.

ஏன் வரவில்லை? சிறுவனிடம் எடுக்கும் துண்டு மிகச் சின்னது, அதில் மூலச் செல் இன்னும் சொற்பம். எலியின் மூலச் செல்லை ஆய்வகத்தில் பல மடங்கு பெருக்கும் வித்தை 2003 முதலே தெரியும். மனிதச் செல்லை அப்படி நம்பகமாகப் பெருக்க இன்னும் வழி கிடைக்கவில்லை. பெருக்க முடியாதவரை, ஏக்கர் கணக்கான நிலத்தில் ஒரு கைப்பிடி விதை தூவுகிற மாதிரிதான்.

இரண்டு கவலைகள் இன்னும் பாக்கி. ஒன்று ரத்தப் புற்றுநோய். அந்தச் செல்கள் விரைக்குள்ளும் ஒளிந்துகொள்ளும். எலியில் வெறும் 20 ரத்தப் புற்றுநோய்ச் செல்கள் மூலச் செல்லோடு கலந்து போனதே நோயைத் திருப்பிக் கொண்டுவரப் போதுமானதாக இருந்தது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோயே இதுதான் என்பது கொடுமை. இரண்டாவது, காலம். 23 வருஷம் உறைந்து கிடந்த எலிச் செல்களை எடுத்து வைத்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது. செல்கள் உயிர்த்தன, இடம்பிடித்தன. ஆனால் சில மாதம் மட்டும் உறைந்த செல்களைவிட அவை தந்த விந்தணு குறைவு. பத்து வயசில் எடுத்த திசுவை முப்பது வயசில்தான் ஒருவர் கேட்டு வருவார். இருபது வருஷம் என்பது இங்கே சாதாரணக் கணக்கு.

இந்தப் பின்னணியோடு நம் ஊர் விளம்பரங்களைப் பாருங்கள். ‘விந்தணு பூஜ்யமா? ஸ்டெம் செல் சிகிச்சை உண்டு’ என்று ரீல்ஸில் வருகிறதே. ஆண்களில் நூற்றில் ஒருவருக்கு விந்தில் விந்தணுவே இருப்பதில்லை, அதனால் இதற்குச் சந்தை இருக்கிறது. ஆனால் குரங்குக்கு வேலை செய்து, மனிதரில் முதல் அறிக்கையில் பலன் காட்டாத ஒன்றை, பேக்கேஜ் விலை போட்டு யாரும் விற்க முடியாது. அவர்கள் ஊசியில் ஏற்றுவது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ எடுத்த வேறு வகைச் செல். அது நாம் இவ்வளவு நேரம் பேசிய மூலச் செல்லே இல்லை. ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்கான மஜ்ஜை மாற்றம் தவிர, ஸ்டெம் செல்லை நோயாளிக்குக் கொடுப்பது அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் மட்டும்தான். ஆய்வில் சேருகிறவரிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்கவும் கூடாது. யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், ஆய்வுப் பதிவு எண் என்ன என்று கேளுங்கள்.

வயதுக்கு வந்தவர்களுக்கு இந்தப் புதுமை எதுவும் தேவையே இல்லை. உங்கள் டீமில் இருக்கும் 27 வயசு நண்பருக்கோ, பிளஸ் டூ படிக்கும் தம்பிக்கோ நாளைக்கு லிம்ஃபோமா என்று தெரியவந்தால், கீமோ தொடங்குவதற்கு முன் விந்தை உறையவைக்க ஓரிரு நாள் போதும். பதற்றத்தில் வீட்டில் யாருக்கும் அது தோன்றாது. தம்பியோடு அப்பா அம்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்கக் கூச்சமாகவும் இருக்கும். டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால், முதல் டோஸுக்கு முன்னால் நீங்கள் கேட்டுவிடுங்கள்.